யாரும் கேக் வாங்காத எண்

லிம்ஃபியோர் கழிமுகத்திலிருந்து வரும் ஜனவரிக் காற்று
கொட்டகைத் தகரத்தை இரவெல்லாம் உரசுகிறது.
உள்ளே ஒரு கண்ணாடி அறை.
அறைக்குள் ஒரு பசு.
எண் 2286. நான்கு வயது. இரண்டாம் ஈற்று.
உள்ளே போகும் காற்றுக்கு ஒரு குழாய்,
வெளியே வரும் காற்றுக்கு ஒரு குழாய்,
நடுவில் ஓர் உயிர் எதை எடுத்தது, எதை விட்டது என்று
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும் பொறி.

ஏப்பம் விட்டால் திரையில் ஒரு சிறு மேடு.
ஏப்பத்துக்கும் வரி கேட்கப்போகிற நாட்டில்
மேடு ஒவ்வொன்றும் காசு.
ஆகவே தீவனத்தில் ஒரு கரண்டி வெண்தூள்.
ஆகவே சிசெலுக்கு இரவு வேலை,
ஃபிளாஸ்க்கில் காப்பி, காலுறை இரண்டு அடுக்கு.

மூன்றாம் இரவு கோடு இறங்கியது.
முதலில் மெல்ல,
பிறகு யாரோ படிக்கட்டில் இறங்குவதுபோல.
மீத்தேன் நாற்பது சதவீதம் குறைவு.
திரை பச்சையானது.
ஓர்ஹுஸில் படுக்கையில் கிடந்தபடியே
ஈவெர் பார்த்துவிட்டான். குறுஞ்செய்தி வந்தது:
"தூள் வேலை செய்கிறது! காலையில் கேக் வாங்கி வருகிறேன்."

சிசெல் பதில் எழுதவில்லை.
பக்கத்துக் கட்டத்தில் வேறொரு எண் இருந்தது,
யாரும் கேக் வாங்காத எண்.
விட்ட கரியமில வாயுவை
எடுத்த பிராணவாயுவால் வகுத்தால் கிடைப்பது.
தீவனத்தை எரிக்கும் உடம்பில் அது ஒன்றை ஒட்டி நிற்கும்.
நேற்றுவரை நின்றது.
இப்போது புள்ளி எட்டு.
காப்பியை ஊற்றிவிட்டுப் பார்த்தால் புள்ளி ஏழு எட்டு.
தன் கொழுப்பைத் தானே தின்னத் தொடங்கிய உடம்பின் கணக்கு.

தொட்டி காலி என்கிறதே தராசு?

கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்தாள்.
தராசு பொய் சொல்லவில்லை.
தொட்டி காலிதான்.
ஊறுகாய்ப் புல் மொத்தமும்
மூக்கால் தள்ளப்பட்டுத் தரையில் கிடந்தது, சாணத்தோடு.
2286 அதைச் சட்டை செய்யாமல்
பக்கத்து அறையையே பார்த்துக்கொண்டு நின்றது.
அங்கே விளக்கு இல்லை.
குளம்பில் வலி என்று 2291-ஐ
மாலை நான்கு மணிக்கே ஓட்டிப் போயிருந்தார்கள்.

முதல் வயிற்றுக்குள் கிடக்கும் உணரிக்கு
அமிலம் தெரியும், சூடு தெரியும்,
தண்ணீர் எத்தனை தடவை குடித்தது என்று தெரியும்.
அசைபோட்ட நிமிடங்களையும் அது எண்ணும்:
ஒன்பது மணியிலிருந்து பூஜ்யம்.
அசை இல்லாத இடத்தில் சீர் ஏது?
தனித்து நின்றால் நேர்,
இணைந்து நின்றால்தானே நிரை.
யாப்பு படிக்காத டேனிஷ் மாடு
சாப்பிடாமல் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மணி மூன்று இருபது.
நோய்ப் பட்டியிலிருந்து 2291 வந்தது,
காலில் நீலக் கட்டு, வழியில் இரண்டு முறை நின்றது.
சிசெல் இழுக்கவில்லை. கூடவே நின்றாள்.
பக்கத்து அறையில் விளக்கைப் போட்டாள்,
வைக்கோலைக் கனமாகப் பரப்பினாள்.
பிறகு, செய்யக்கூடாததைச் செய்தாள்:
அளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே
2286-இன் கதவைத் திறந்து உள்ளே போய்த்
தரையைக் கூட்டிப் புதுத் தீவனம் வைத்தாள்.
பதினோரு நிமிடம்.
பதினோரு நிமிடமும் அவள் மூச்சு
மாட்டின் கணக்கில் ஏறியது.

ஐந்து மணிக்கு மேல்தான் முதல் மேடு.
பிறகு இன்னொன்று.
கோடு தடுமாறி, நிமிர்ந்து, ஏறி
திரை சிவப்பானது.
சிவப்பைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள்
அந்த நிலையத்தில் அவளாகத்தான் இருக்கும்.

தூள் வேலை செய்கிறதா?
தெரியாது. மூன்று நாள் அளவும் குப்பை.
மறுபடி முதலிலிருந்து.
குறிப்புப் பத்தியில் தட்டினாள்:
*தீவன மறுப்பு, துணை இல்லாமை. ஒரு மனிதர், 11 நிமிடம். நீக்கவும்.*

"என்ன ஆச்சு, எல்லாம் ஏறுகிறதே?" என்றான் ஈவெர்.
"சாப்பிடுகிறாள்.
கேக் வேண்டாம்,
குளம்பு வைத்தியரை எழுப்பு."